எல்லாரும் ரிலீப்தான்

யட்டியாந்தோட்டைக்கு 1903 இல் ரயில் வந்தது. களனிவெளிப் பாதையில் ஒரு கிளையின் கடைசி நிலையம் அது. 1942 இல் அவிசாவளைக்கு அப்பால் இருந்த அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளின் நேரசூசியை அதிபர் எழுதினாலும், திருத்துவது ஹற்றன் வீதி பஸ்தான். பஸ் நேரத்துக்கு வந்தால் முதலாம் பாடம் கணிதம். பிந்தினால் அதே வகுப்புக்குச் சித்திரம். சித்திர டீச்சருக்குப் பாடசாலைக்குப் பக்கத்திலேயே வீடு.

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். ஒரு நாளைக்கு 40 நிமிடப் பாடங்கள் எட்டு. 7.30 ஆனதும் கையொப்பப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழ வேண்டும் என்பது விதி. கித்துல்கலைப் பக்கத்து மழையில் குடை முறிந்து வருகிறவரும், பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வருகிறவரும் அந்தக் கோட்டுக்கு மேலே வந்துவிடத்தான் ஓடுகிறார்கள். நல்ல அதிபர்களுக்குச் சரியாக 7.30க்குச் சிவப்புப் பேனை காணாமற்போய்விடும். 7.40க்கு அது தானாகவே மேசை லாச்சியில் அகப்படும்.

வராத ஆசிரியரின் வகுப்புக்கு இன்னொருவரை அனுப்புவதற்கு ரிலீப் போடுதல் என்று பெயர். ரிலீப் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடமாடும் பிரதி அதிபரைக் கண்டதும் ஆசிரியர் அறையில் திடீரென்று எல்லாருக்கும் விடைத்தாள் திருத்துகிற வேலை வந்துவிடும். எப்படியும் ஒருவர் மாட்டுவார். சமய ஆசிரியர் விஞ்ஞானத்துக்குப் போவார். பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொல்லுவார். தானும் அமைதியாக இருப்பார். விளையாட்டு ஆசிரியருக்கு எல்லாப் பாடமும் ரிலீப்பாக வந்திருக்கிறது, சங்கீதம் உட்பட. அந்த 40 நிமிடமும் பிள்ளைகள் அவருக்குப் பாடிக் காட்டினார்கள்.

உண்மையில் தோட்டப் பாடசாலைகளின் சரித்திரமே ஒரு நீண்ட ரிலீப். தோட்ட நிர்வாகம் நடத்திய காலத்தில் பெரும்பாலும் ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. அவரே அதிபர், அவரே மணியடிப்பவர். மாலையில் லயத்துக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்பவரும் அவர்தான். ஊர்க் கடிதத்தில் இருக்கும் கெட்ட செய்தியை எந்த அளவுக்கு மெல்லமாகச் சொல்வது என்பதை அவருக்கு எந்தப் பயிற்சிக் கலாசாலையும் கற்பிக்கவில்லை. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் ஆயின. யட்டியாந்தோட்டைத் தொகுதியில் வென்ற என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த காலம் அது. நிதியமைச்சர் நம்ம தொகுதிக்காரர் என்றால் கரும்பலகையாவது புதிதாக வரும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பு. பிறகு சுவீடன்காரர்கள் கட்டடங்களுக்கு உதவினார்கள். ஜேர்மன்காரர்கள் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு உதவினார்கள். இரண்டு தேசத்தாரும் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை.

ரிலீப்பின் உச்சம் 2015 இல் வந்தது. மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க மூவாயிரம் அளவில் 'ஆசிரியர் உதவியாளர்' நியமனம். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபாய், பின்னர் 10,000. உயர்தரம் முடித்த பிள்ளைகள், அவர்களில் பலர் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், புதுச் சேலையும் சப்பாத்துமாகப் பாடசாலைக்குப் போனார்கள். யாருக்கு உதவுவது என்று தேடினார்கள். உதவி பெறவேண்டிய ஆசிரியர் அங்கே இல்லை. அவர் இல்லாததால்தானே இவர்களை அனுப்பியதே! முதல் நாளே முழு வகுப்பும் கையில். பதவிப் பெயரில் உதவியாளர், வேலையில் ஆசிரியர், சம்பளத்தில் இரண்டுமில்லை. அந்த 10,000 இலிருந்துதான் பஸ் காசும், சேலையும், டிமாய் தாளும்.

சேலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் வேறு உடையில் கடமைக்கு வந்தபோது நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. வாதாடியவர்களில் எத்தனை பேர் மழை நாளில் பிரதான வீதியில் இறங்கி, ஒரு கையில் குடை, மறு கையில் சேலை மடிப்பு, தோளில் அப்பியாசக் கொப்பிக் கட்டு என்று றப்பர் மலைக்குள் ஏறிப் பார்த்தவர்கள்? அட்டைக்குக் கலாசாரம் தெரியாது. காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போகிற டீச்சரிடம் மட்டும் அது கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளும், அவ்வளவுதான்.

எழுதுவினைஞர் இல்லாத பாடசாலையில் அந்த வேலை யாருக்குப் போகும்? கம்பியூட்டர் தெரியும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னவருக்கு. சீருடைத் துணி அளவு, பாடப்புத்தகத் தேவை, மாணவர் தொகை, உடைந்த கதிரைக் கணக்கு எல்லாம் அவர் தலையில். 'இன்று பிற்பகல் 2 மணிக்குள்' என்ற குறிப்போடு வட்ஸ்அப்பில் வரும் படிவம் 1.20க்குத்தான் வரும். 1.30 பஸ்ஸை அவர் பார்த்தே வருடக்கணக்காகிறது.

இவர்கள் எல்லாருக்கும் மேலே பியோன் அண்ணன். மணி அவர் கையில், சாவிக் கொத்து அவர் இடுப்பில். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தக் கூரைத் தகரம் ஒழுகும், வகுப்புக்குள் வந்த பாம்பு எந்தச் சாதி, பனாவத்தையிலிருந்து வரும் பிள்ளை இன்றைக்கு ஏன் வரவில்லை எல்லாம் அவருக்குத் தெரியும். அதிபர்கள் இடமாற்றத்தில் வருவார்கள், போவார்கள். புதிய அதிபர் வந்து ஒரு கிழமைக்குள் அவரிடம் பாடம் படித்துவிட்டால் தப்பினார்.

ஆரம்பப் பிரிவுக்குச் சத்துணவு சமைக்கும் அம்மாமார் இன்னொரு கூட்டம். செய்த சமையலுக்குப் பணம் வந்துசேர மாதக்கணக்கில் ஆவதுண்டு. அதுவரை தேங்காயும் பருப்பும் கடைக்காரர் கொப்பியில் கடன். ஆக, கடைக்காரரும் கல்வித் துறையில் ரிலீப் பார்க்கிறார், நியமனக் கடிதம் இல்லாமல்.

கொவிட் காலமான 2021 இல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் மூன்று மாதத்துக்கு மேல் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தி வைத்தார்கள். பல லயங்களில் சிக்னல் அதற்கு முந்தியே வேலைநிறுத்தத்தில் இருந்தது. வேலைநிறுத்தமில்லாத மாதங்களில் போட்டோகொப்பி எடுத்து, மலையேறி, வீடு வீடாகக் கொடுத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அடுத்த வருடம் எரிபொருளே இல்லாமற்போனது. பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. ஆசிரியரும் பெற்றோரும் மண்ணெண்ணெய் வரிசையில் மணிக்கணக்கில் சந்தித்துக்கொண்டதால் தனியாகப் பெற்றோர் கூட்டம் வைக்கத் தேவைப்படவில்லை.

இலங்கையில் ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6. மாணவத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த முறை அழைப்பிதழ் அடிக்கும்போது பியோன் அண்ணனின் பெயரையும், சமைக்கும் அம்மாமாரின் பெயர்களையும் சேர்த்து அடியுங்கள். பிரதம விருந்தினரின் பேச்சை எப்படியாவது சுருக்கி விழாவை ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். கம்பியூட்டர் தெரிந்த அந்த சேரும் ஒருநாளாவது 1.30 பஸ்ஸில் போகட்டும்.