ஓர்லாக் பிரபு வீடு வாங்கிய வழி

எல்லாம் ஒரு வீட்டுத் தரகரால் வந்த வினை.

1922-இல் ஜெர்மனியில் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஊமைப்படத்தைத் திகில் படங்களுக்கெல்லாம் தாத்தா என்கிறார்கள். பேய், பிளேக், எலி ஆகியவற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் பார்த்தால் அது ஒரு பத்திரப்பதிவுக் கதை. வருடம் 1838. விஸ்போர்க் என்ற ஊரில் க்னாக் என்று ஒரு தரகர். மலைகளுக்கு அப்பால் ஓர்லாக் என்று ஒரு பிரபு. பிரபுவுக்கு விஸ்போர்க்கில் வீடு வேண்டும், பாழடைந்திருந்தால் விசேஷம். தரகர் தன் குமாஸ்தா ஹுட்டரை அனுப்பிவைக்கிறார். போகிற இடத்தில் கொஞ்சம் ரத்தச் செலவு ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லியும்விடுகிறார். தரகர்களில் இப்படி ஒரு நேர்மையாளரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அங்கே பிரபு, ஹுட்டருடைய மனைவியின் படத்தைப் பார்க்கிறார், கழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டுகிறார், ஹுட்டரின் எதிர்வீட்டையே வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார். பேரமே பேசவில்லை. ஹுட்டருக்கு அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டைவிட வில்லங்கமானது படத்தின் கதை உரிமை. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா' நாவலை, அனுமதி கேட்பது, பணம் கொடுப்பது ஆகிய சங்கடங்கள் இல்லாமல் படமாக்கத் துணிந்தவர்கள் பிராணா ஃபிலிம் என்ற புதுக் கம்பெனியார். பெயர் நம்முடைய பிராணன்தான். முதலாளிகளில் ஒருவரான ஓவியர் ஆல்பின் கிராவுக்கு மாந்திரீகத்தில் பித்து. டிராகுலாவை ஓர்லாக் ஆக்கினார்கள். லண்டனை விஸ்போர்க் ஆக்கினார்கள். நாவலில் இருந்த மீசையை மழித்துவிட்டு எலிப்பல் வைத்தார்கள். இத்தனையும் செய்தவர்கள், ஸ்டோக்கரின் டிராகுலாவைத் தழுவியது என்று எழுத்துப் போடும் இடத்தில் போட்டும் விட்டார்கள். திருடி வந்த மாட்டுக்குப் புதுச் சாயம் பூசிவிட்டு, சொந்தக்காரன் பெயர் பொறித்த மணியைக் கழுத்திலேயே விட்ட மாதிரி. இதன் பலனைப் பெர்லினில் பார்க்கலாம். படம் எடுத்த இடங்களைத் தேடி நாம் கிளம்பும் சுற்றுலாவில் அது கடைசிக்கு முந்தைய நிறுத்தம்.

முதலில் எங்கே போகக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிராகுலாவின் கோட்டை என்று காட்டப்படும் ருமேனியாவின் பிரான் கோட்டை. ஸ்டோக்கர் ருமேனியாவை எட்டிப் பார்த்தவரே இல்லை; 'டிராகுலா' என்ற பெயரையே 1890-இல் இங்கிலாந்தின் விட்பி கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போனபோது அங்கிருந்த நூலகத்தில், ஒரு புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டார். இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவும் அந்தப் பக்கம் போகவில்லை. மலைக்காட்சிகளை எடுத்தது இன்றைய ஸ்லோவாக்கியாவில். நமக்கு ஒரு ஷெங்கன் விசா போதும். பிரபுவுக்கு அதுவும் தேவைப்படவில்லை, மண் நிரப்பிய பெட்டிகளில் தானும் ஒரு சரக்காக வந்து சேர்ந்தார். நாமோ வங்கி இருப்பு, தங்குமிடம், பயணக் காப்பீடு, ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்பதற்கு அத்தாட்சி எல்லாம் காட்ட வேண்டும். அந்தக் கடைசி விஷயத்தில் பிரபு மாட்டிக்கொண்டிருப்பார்.

பெர்லினிலிருந்து ரயிலேறினால் பால்டிக் கடலோரத்து விஸ்மார். படத்தின் விஸ்போர்க்கில் பெரும்பகுதி இதுதான். புனித மரியாள் தேவாலயத்தின் எண்பது மீட்டர் கோபுரத்தின் மேலிருந்து சந்தைச் சதுக்கத்தைப் பார்க்கும் காட்சியில் படம் தொடங்குகிறது. கோபுரம் இன்றும் நிற்கிறது. ஒட்டியிருந்த தேவாலயத்தைத் தேட வேண்டாம். 1945 ஏப்ரலில் குண்டு விழுந்தது; மிச்சத்தை 1960-இல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது. பேய் விட்டுவைத்ததை அரசாங்கம் விட்டுவைக்கவில்லை.

இந்த ஊருக்கே ஒரு பத்திரக் கதை உண்டு. 1648-இல் விஸ்மார் ஸ்வீடன் கைக்குப் போனது. 1803-இல் ஸ்வீடன் பணமுடையில் இதை மெக்லென்புர்க் அரசிடம் நூறு வருட அடமானத்துக்குக் கொடுத்தது. 1903-இல் கெடு முடிந்தபோது மீட்க யாரும் வரவில்லை. போனால் போகிறதென்று ஸ்வீடன் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டது. ஆக, 1838-இல் ஓர்லாக் பிரபு வீடு வாங்கியபோது ஊர் மொத்தமும் அடமானத்தில் இருந்திருக்கிறது. அந்த நேர்மையாளர் க்னாக் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

துறைமுகத்தருகே பதினைந்தாம் நூற்றாண்டுச் செங்கல் வாயில் ஒன்று இருக்கிறது. கப்பலில் வந்திறங்கிய பிரபு, தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நுழைவது இதன் வழியாகத்தான். மாலுமிகளை வழியிலேயே சாப்பிட்டுத் தீர்த்துவிட்டதால் கூலிக்கு ஆளில்லை. இந்த வாயிலை நள்ளிரவில் போய்ப் பார்க்க ஆசைப்படுவீர்கள். வேண்டாம், நல்ல வெயில் நேரத்தில் போங்கள். அந்தக் காலத்தில் இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்துவிட்டு, பிரதியில் நீல நிறம் ஏற்றுவார்கள். பின்னாளில் நிறமில்லாத கறுப்பு வெள்ளைப் பிரதிகள் பரவியதால் இரண்டு மூன்று தலைமுறை ரசிகர்கள் பார்த்தது, பட்டப்பகலில் வீடு மாற்றும் ஒரு மொட்டைத் தலையரை. இதில் வேடிக்கை, சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி செத்துப்போகும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான். ஸ்டோக்கரின் டிராகுலா லண்டனில் பகலிலும் உலாவுவார், சக்தி கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவே. ஓர்லாக்கோ படம் முழுக்க வெயிலில் நடமாடிவிட்டு, கடைசியில் சேவல் கூவியதும் வெயில் பட்டுப் புகையாகிறார்.

வாயிலுக்குள் நுழைந்தவர் போய்ச் சேரும் வீடு இந்த ஊரில் இல்லை. அது லூபெக்கில், ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். இரண்டு ஊர்களையும் வெட்டி ஒட்டி ஒன்றாக்கிவிட்டார் முர்னாவ். நீங்கள் ரயிலிலோ பஸ்ஸிலோ போகலாம். சவப்பெட்டியோடு நடந்து போனால் பிரபுவின் உடல் வலிமை புரியும். லூபெக்கின் ட்ராவே ஆற்றங்கரையில், ஹோல்ஸ்டன் கோட்டைவாசலுக்குப் பக்கத்தில், வரிசையாக ஆறு பழைய செங்கல் கிடங்குகள் இருக்கின்றன. லூனெபுர்க்கிலிருந்து வந்த உப்பு இங்கே சேமிக்கப்பட்டு, ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்த ஸ்காண்டிநேவியாவுக்குப் போனது. அந்த உப்புக் கிடங்கைத்தான் பிரபு வாங்கினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் ஊரையே காலி செய்தார். வெளியே நின்று பார்த்துவிட்டு, ஊரின் புகழ்பெற்ற பாதாம் மிட்டாயான மார்சிபானை வாங்கிக்கொண்டு நகருங்கள்.

நம் பாதையில் இல்லாத இன்னொரு ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1979-இல் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் இதே கதையை மறுபடி எடுத்தபோது ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊரைத் தேர்ந்தெடுத்தார். பதினோராயிரம் வெள்ளெலிகளை வரவழைத்துச் சாம்பல் நிறச் சாயம் ஏற்றி வைத்திருந்தார். டெல்ஃப்ட் நகராட்சி எலிக்கு மட்டும் அனுமதி தரவில்லை. பக்கத்து ஊர் ஷீடாம் தந்தது. சுற்றுலாப் பயணி மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய தகவல்.

நம் அடுத்த நிறுத்தம் வடகடலில் சில்ட் தீவு. மணல்மேட்டில் சாய்ந்த சிலுவைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஹுட்டரின் மனைவி எல்லன் கடலையே பார்த்து ஏங்கும் காட்சி இங்கே எடுத்தது. ஆனால் ஹுட்டர் குதிரையில் தரைவழியாக வந்துகொண்டிருக்கிறான். கடல்வழியாக வருகிறவர் பிரபு. எல்லன் யாருக்குக் காத்திருந்தாள் என்பது அவர்கள் குடும்ப விஷயம், நாம் தலையிட வேண்டாம். கரையில் காற்று பலமாக இருக்கும், கம்பளி எடுத்துப் போங்கள்.

இனி மலை. ஸ்லோவாக்கியாவின் க்ராலோவானியில் வண்டி மாறினால், ஒராவா கோட்டையின் காலடியிலேயே ஒரு சிறு ரயில் நிலையம். ஆற்றுக்கு மேலே 112 மீட்டர் உயரப் பாறையில் கோட்டை தொற்றிக்கொண்டிருக்கிறது. ஆவணங்களில் 1267 முதல் இதன் பெயர் அடிபடுகிறது. ஹுட்டர் இங்கே வந்தபோது பிரபுவின் வண்டி பேய்வேகத்தில் வந்து ஏற்றிக்கொண்டது. கேமராக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றி எடுத்த வேகம் அது. வழியில் ஓநாய் மனிதன் நடமாடுவதாகச் சத்திரத்தில் எல்லோரும் நடுங்க, குதிரைகள் மிரண்டு ஓட, திரையில் வந்து நிற்பது ஒரு கழுதைப்புலி. ஐரோப்பாவின் காட்டில் அது எப்படி வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. அதன் முகத்திலும் அந்தக் குழப்பம் தெரிகிறது.

ஆனால் ஒராவாவுக்குத் திகில் வேண்டுமானால் சினிமாவிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. கோட்டையின் பழைய சொந்தக்காரர்களில் ஒருவர் கியோர்கி துர்ஸோ, ஹங்கேரியில் அரசருக்கு அடுத்த அதிகாரி. 1610 டிசம்பரில், வேலைக்கு வந்த பெண்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட எலிசபெத் பாத்தோரி என்ற சீமாட்டியைக் கைது செய்தவர் இவர்தான். அவள் ரத்தத்தில் குளித்தாள் என்பது நூறு வருடம் கழித்து ஒட்டவைத்த கதை. வேலையாட்களை விசாரித்துக் கொன்றார்கள். சீமாட்டிக்கு விசாரணையே இல்லை. விசாரித்துத் தண்டித்தால் நிலபுலன் குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விடும் என்பதால் துர்ஸோவும் அவளுடைய உறவினர்களும் பேசி முடித்து, அவளை அவளுடைய கோட்டையிலேயே அடைத்துவைத்தார்கள். 1614-இல் அங்கேயே செத்தாள். இங்கேயும் விவகாரம் சொத்துதான். துர்ஸோ ஒராவா கோட்டையின் தேவாலயத்தில் கௌரவமாகத் துயில்கிறார், பார்த்துவிட்டு வரலாம். இறங்கியதும் பூண்டு சூப் சாப்பிடுங்கள்; ஸ்லோவாக்கியாவில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கிடைக்கும். பிரபு சொந்த ஊரை விட்டு ஏன் கிளம்பினார் என்பது முதல் கரண்டியிலேயே விளங்கிவிடும்.

பெர்லினுக்குத் திரும்புவோம். 1922 மார்ச் 4 அன்று மிருகக்காட்சிசாலையின் பளிங்கு மண்டபத்தில் படத்தின் முதல் காட்சி. விருந்தினர்கள் நூறு வருடத்துக்கு முந்தைய பாணி உடையில் வர வேண்டும் என்று அழைப்பு. ஆட்டம், பாட்டம், தடபுடல். சில மாதங்களில் பிராணா ஃபிலிம் பிராணனை விட்டது. ஒரே ஒரு படம்தான் எடுத்திருந்தார்கள்.

அதற்குள் லண்டனில் ஒருவருக்குச் செய்தி போய்விட்டது. ஃப்ளாரன்ஸ் ஸ்டோக்கர். இளமையில் ஆஸ்கார் வைல்டு இவரைச் சுற்றிவந்தார். இவர் கட்டிக்கொண்டது ஸ்டோக்கரை. 1912-இல் கணவர் இறந்தபின் கையில் இருந்த உருப்படியான சொத்து 'டிராகுலா' உரிமைதான். எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்து வழக்குப் போட்டார். பணம் கேட்டார், கம்பெனி திவால் என்றார்கள். சரி, படத்தைக் கொளுத்து என்றார். 1925-இல் பெர்லின் நீதிமன்றம் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி உத்தரவிட்டது. நாவலில் டிராகுலாவைத் தீர்த்துக்கட்ட இரண்டு கத்தியும் ஒரு பெரிய கூட்டமும் தேவைப்பட்டன. ஃப்ளாரன்ஸுக்கு ஒரு வக்கீல் போதுமாக இருந்தது. இந்தப் படத்தோடு தொடர்புடையவர்களில் நான் உண்மையாகப் பயப்படுவது இவருக்கு மட்டுமே. நல்லவேளையாக, சில பிரதிகள் அதற்குள் எல்லை தாண்டியிருந்தன. மண்பெட்டியில் போனதா என்று தெரியவில்லை.

கடைசி நிறுத்தம் பெர்லின் எல்லையை ஒட்டிய ஷ்டான்ஸ்டார்ஃப். மரங்கள் அடர்ந்த மாபெரும் கல்லறைத் தோட்டம். இதற்கென்றே 1913-இல் ஒரு ரயில் பாதை போட்டார்கள்; துக்கத்துக்கு வந்தவர்களும் சவப்பெட்டிகளும் அதில் வந்தார்கள். 1961-இல் பெர்லின் சுவர் எழுந்ததும் அது நின்றுபோனது, இப்போது பஸ்தான். முர்னாவ் 1931-இல் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் இறந்தபோது வயது 42. சவப்பெட்டியில், கப்பலில், ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். இங்கே புதைத்தார்கள். 2015 ஜூலையில் யாரோ கல்லறையைத் திறந்து அவர் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்தில் மெழுகு சிந்திக் கிடந்தது, ஏதோ பூஜை நடந்திருக்கலாம் என்று பேச்சு. திரும்பிக் கிடைத்ததாகத் தகவல் இல்லை. ஆகவே, பெர்லினின் பழைய சாமான் சந்தையில் மெழுகுக் கறை படிந்த உருண்டையான எதையாவது யாராவது சல்லிசாகக் கொடுத்தால், பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.