வெள்ளாங்குளத்து விண்ணப்பதாரியும் மூன்று அளவைகளும்

1. ஆய்வுப் பொருள்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், மாங்குளம் வீதி வந்து சேருமிடம் வெள்ளாங்குளம். இவ்வூரில் ஓ.எல். முடித்த ஒரு பிள்ளை தொழிற்பயிற்சி வகுப்பொன்றில் பெயர் பதிவது எப்படி என்பதே இவ்வாய்வு. வகுப்பில் படிப்பது எப்படி என்பது வேறு ஆய்வு, அது இலகு.

2. முன்னோர் முயற்சிகள்

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவைத் தந்தது. 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தொழிற்பயிற்சி அதிகாரசபையைத் தந்தது. பின்னர் வந்த தேசிய தொழில் தகைமைக்கு ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இவற்றுக்கெல்லாம் கீழே, அறிஞர் எவர் கண்ணிலும் படாத ஒரு மட்டம் உண்டு. அது மட்டம் பூச்சியம்: ஃபைல் சேர்த்தல்.

3. அளவை ஆராய்ச்சி

திருக்கேதீச்சரம் இருக்கும் மாவட்டமாதலால், ஒன்று உண்மையென அறியச் சைவ சித்தாந்தம் சொல்லும் அளவைகளையே கைக்கொண்டோம்.

காண்டல்: பிள்ளை மேசைக்கு முன்னால் நிற்கிறது, பஸ்ஸில் வந்த புழுதி முகத்தில் இருக்கிறது. அலுவலர் ஏறிட்டுப் பார்த்துக் கேட்கிறார்: "தங்கச்சி, நீங்கள் வெள்ளாங்குளம் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" காண்டல் தள்ளுபடி.

கருதல்: 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு; அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பது; பெண்ணானால் 500 கூட்டப்படும். 2007501 என்று தொடங்கினால், 2007 ஜனவரி 1இல் பிறந்த பெண். ஆயினும் படிவம் பிறந்த திகதியைத் தனியாகவும், வயதைத் தனியாகவும், ஆணா பெண்ணா என்பதைத் தனியாகவும் கேட்கிறது. கருதலும் தள்ளுபடி.

உரை: இது மட்டும் செல்லும், சீல் இருந்தால். கிராம அலுவலரின் கடிதம், அதற்குப் பிரதேச செயலகத்து மேலொப்பம், அதிபர் தந்த விடுகைப் பத்திரம், பிரதிகளில் சமாதான நீதவானின் கையெழுத்து. (1963இல் விதானைமார் போய்க் கிராம சேவகர் வந்தனர், பின்னர் அப்பெயரும் மாறியது. ஊருக்கு அவர் இன்னும் ஜீ.எஸ்.; கிழவிகளுக்கு விதானையார்.)

இதிலிருந்து பெறப்படும் சூத்திரம்: கண்டவர் நம்பார், காணாதவர் எழுதியதை நம்புவார்.

4. தடையும் விடையும்

‘பிறப்பு அத்தாட்சியில் உள்ள பெயருக்கும் அட்டையில் உள்ள பெயருக்கும் ஆங்கிலத்தில் ஓர் எச் வித்தியாசம், இவர் ஒருவரா, இருவரா?’ என்பது தடை. ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்கும்வரை இருவர் என்பது விடை.

‘ஒரு தையல் வகுப்புக்கு இத்தனை கடதாசியா?’ என்பது அடுத்த தடை. இங்கே ஆய்வாளர் பேனாவைச் சற்று நேரம் கீழே வைத்தார். 2008இல் போர் வந்து இப்பக்கத்துச் சனம் எழும்பி ஓடியபோது, அரிசிக்கு முன்பே அத்தாட்சிப் பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றியவர்கள் அம்மாமார். தொலைத்தவர்கள் பிறகு நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்றார்கள். கடதாசி இல்லாதவருக்கு என்ன நேரும் என்று இவர்களுக்கு எந்த அலுவலரும் சொல்லத் தேவையில்லை.

5. முடிவு

மட்டம் பூச்சியத்தில் சித்தியெய்தியவருக்குத் தையல், மின்னிணைப்பு, குழாய் பொருத்துதல் எதுவும் கடினமன்று. விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பிரதி மூன்று எடுங்கள், மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதை அந்தப் பொலித்தீன் பையோடு அம்மாவின் கையில் கொடுங்கள்.