கிளிப் கழற்றியாச்சு, இனி?

கே: மகளுக்குப் பல்லில் கிளிப் போட்டிருக்கிறோம். மாதாமாதம் வரச் சொல்லி, ஐந்தே நிமிடத்தில் எதையோ முறுக்கி அனுப்பிவிடுகிறார் டாக்டர். நடுவில் ஒன்றிரண்டு தடவை போகாவிட்டால் என்ன?
– இல்லத்தரசி, கரூர்

ப: அந்த ஐந்து நிமிடம்தானம்மா வைத்தியம்! கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். பல் நகர்வது இப்படித்தான். கம்பியைப் பிடித்திருக்கும் குட்டி ரப்பர் வளையமோ சில வாரத்தில் தளர்ந்துவிடும், சாம்பார் மஞ்சளும் ஏறிவிடும். வளைந்த கம்பி பல்லைத் தப்பான பக்கம் இழுத்தால் வீட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? கிளிப்பைச் சுற்றிச் சரியாகத் துலக்காத இடத்தில் எனாமல் அரித்து வெள்ளைத் திட்டும் விழும். சில வகைக் கம்பி ஆறு, எட்டு வாரம்கூடத் தாங்கும். அதை டாக்டர் சொல்லட்டும்.

கே: ஒரு பிராக்கெட் கழன்று கம்பியில் ஊஞ்சலாடுகிறது. வலி இல்லை. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்கலாமா?
– மாணவர், மதுரை

ப: முறுக்கா, கடலை மிட்டாயா? எதுவானாலும் இன்றே போன் போடுங்கள். அந்த ஒரு பல் இப்போது லீவில் இருக்கிறது.

கே: இரண்டு வருடம் கிளிப் போட்டுக் கழற்றியாச்சு. இப்போது பல் நகராமல் பிடித்து வைக்க ரீட்டெய்னர் போடு என்கிறார்கள். இது புது வசூலா?
– ஐடி ஊழியர், சென்னை

ப: புதுசு இல்லை சார். அமெரிக்க டாக்டர் சார்லஸ் ஹாலி தன் ரீட்டெய்னரைப் பற்றி எழுதியது 1919-இல்! பல்லைச் சுற்றிய எலும்பு சில மாதத்தில் இறுகிவிடும். ஈறுக்குள் இருக்கும் நார்கள் அடங்க ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் முதல் சில மாதம் சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும் என்று போடச் சொல்வார்கள். எத்தனை வருடம் என்று கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் சிரிப்பார்கள். கிளிப்பே போடாதவர்களுக்குக்கூட வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருக்கியடித்துக்கொள்ளும். பல் இருக்கும்வரை இரவில் போடுவதே உத்தமம். கழற்றி மாட்டும் ரீட்டெய்னருக்குப் பதில் பல்லுக்குப் பின்னால் கம்பி ஒட்டியிருக்கிறார்களா? ‘நமக்கு வேலை இல்லை’ என்று இருந்துவிடாதீர்கள். ஒரு பல்லில் மட்டும் பசை விட்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. செல்ஃபியில் சிரிப்பு கோணும்போதுதான் தெரியும். காரை படிவதும் அங்கேதான். ஆகவே செக்கப் உண்டு.

கே: கல்யாணப் பந்தியில் ரீட்டெய்னரைக் கழற்றி இலையோரம் வைத்தேன். பாயசம் குடித்த மயக்கத்தில் இலையை மடித்துவிட்டேன்!
– புது மாப்பிள்ளையின் தம்பி, தஞ்சாவூர்

ப: அதற்கென்று ஒரு டப்பா கொடுத்திருப்பார்களே, அது எங்கே? வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்குமே! பல் நகர்வதற்குள், இந்த வாரமே போய்ப் புதுசுக்கு அளவு கொடுங்கள். மண்டபத்துக்காரர்கள் தேடி எடுத்துத் தந்துவிட்டால், ரச வாசனை போகட்டும் என்று வெந்நீரில் மட்டும் போடாதீர்கள். நெளிந்துவிடும்.