தலைப்பு மாற்றும் தம்பி

நவம்பர் மாதத்தில் கண்டி கொழும்பு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கும் ஒரு கணக்குத் தம்பியைப் பார்த்திருப்பீர்கள். தோளில் லெப்டொப் பை, கையில் குடை, முகத்தில் செத்த வீட்டுக்குப் போகிறவரின் அடக்கம். இறைவரித் திணைக்களத்துக்கு வருமான வரி விவரத்திரட்டு கொடுக்க நவம்பர் 30 கடைசி நாள். மார்ச் 31 இல் முடிந்த வருடம் முதலாளிமாருக்கு ஞாபகம் வருவதும் இந்த மாதத்தில்தான்.

"கொம்பியூட்டரே எல்லாம் போடுதே தம்பி, பிறகு நீங்க எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் முதலாளி கதிரையை இழுத்துப் போடுவார்.

போடுகிறதுதான். குவிக்புக்ஸ் மாதிரியான கணக்கு மென்பொருள்களில் வங்கிப் பதிவு ஒன்றுக்கு ஒருமுறை தலைப்புக் கொடுத்துவிட்டால், அதே பெயர் மறுபடி வரும்போது அதே தலைப்பை எடுத்து நீட்டும். சித்திரைப் புதுவருடத்துக்கு மனைவிக்குச் சேலை எடுத்த கடையை முதலாளி 'கொள்வனவு' என்று போட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் உடுபுடவை முழுவதும் கடைச் சரக்கு. இன்னும் ஒன்றுகூட விற்கவில்லை.

ஊரார் வீட்டு அந்தரங்கமெல்லாம் தம்பிக்குத் தெரியவருவது இப்படித்தான். மகளின் டியூஷன் காசு 'ஊழியர் பயிற்சி'. பத்து இரவுப் பெரஹராவையும் இருந்து பார்த்துவிட்டுப் போன மச்சானின் சாப்பாடு 'விளம்பரம்'. கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு அடித்த சிதறுதேங்காய் 'பழுதுபார்த்தல்'. ஏனென்று கேட்டால், "உடைஞ்சுதானே போச்சு!"

தம்பி சிரிப்பதில்லை. வீட்டுச் செலவை ஒவ்வொன்றாகப் பிடித்து 'எடுப்பனவு' கணக்குக்குத் தள்ளுவார். மை போன பில்தான் அவரைப் படுத்தும். கைபேசி டோர்ச்சை அடித்து, தாளைச் சரித்து, கண்ணைச் சுருக்கினால் பெயரின் வால் மட்டும் தெரியும்: '...வெயார்'. ஹார்ட்வெயாரா, ஃபுட்வெயாரா? முதலாளி விட்டத்தைப் பார்க்கிறார். "அது என் செருப்பு" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வருகிறது.

அவர் நிதானம் இழப்பது கடன் தவணையில். லொறிக்கு வங்கியில் எடுத்த கடனுக்குக் கட்டியதெல்லாம் 'போக்குவரத்துச் செலவு' என்று கிடக்கும்.

"வட்டி மட்டுந்தான் முதலாளி செலவு. மிச்சம் கடன்ல கழியுது."

"என் கையை விட்டுப் போனா எல்லாம் செலவுதான்."

இதற்குப் பதில் எந்தக் கணக்கியல் புத்தகத்திலும் இல்லை. 1494 இல் வெனிஸில் இரட்டைப் பதிவு முறையை அச்சேற்றிய லூக்கா பசியோலி துறவி. மச்சான் சாப்பாட்டை எந்தத் தலைப்பில் போடுவது என்று அவர் திண்டாடியிருக்கமாட்டார்.

"பரீட்சை மீதி சமனா வருதே, பிறகென்ன?" என்பது முதலாளியின் கடைசி அஸ்திரம். வீட்டுச் செலவைக் கடைச் செலவு என்று போட்டாலும் பரீட்சை மீதி சமனாகத்தான் வரும். கோட்பாட்டு வழுவின் குணமே அது. தம்பி இதை வருடாவருடம் விளக்குகிறார். முதலாளி வருடாவருடம் தேத்தண்ணி சொல்கிறார். இரண்டு பேருக்கும் தெரியாதவை 'தொங்கல் கணக்கு'க்குப் போகும். போன வருடம் தம்பிக்குக் கொடுத்த காசு மட்டும் உடனே அகப்பட்டது. 'நன்கொடை' என்ற தலைப்பில் இருந்தது.

ஆகவே கண்டி முதலாளிமாரே, வீட்டுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். தம்பியின் காசை 'தொழில்சார் கட்டணம்' என்று போடுங்கள். அதையும் டிசம்பருக்குத் தள்ளாமல் கொடுத்துவிடுங்கள்.