அட்மிஷன் மாமா

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற அன்று மத்தியானம்வரை அவர் சாதாரண மனிதர். கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய் மண்டியோ வேலந்தாவளத்தில் ஒரு பெட்டிக்கடையோ வைத்திருப்பார். மூணாறு பக்கமென்றால் எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்றிருப்பார். ரிசல்ட் வந்ததும் சட்டைப்பையில் இரண்டு பேனா ஏறிவிடும், கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வந்துவிடும். எந்த வீட்டில் பிள்ளை பாஸ் என்று விசாரித்துக்கொண்டு, கூப்பிடாமலே போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ஊர் அவருக்கு வைத்த பெயர் அட்மிஷன் மாமா. பெண்களில் இந்த இனம் மிகக் குறைவு. அவர்களுக்கு ஜூன் மாதத்தில் வேறு வேலை இருக்கிறது.

அவருடைய முதல் கேள்வி மார்க்கைப் பற்றியதல்ல. "எந்த குரூப்பு கண்ணு?" என்பார். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பையன் சொன்னால், "அப்ப ஃபர்ஸ்ட் குரூப்புன்னு சொல்லு" என்று திருத்துவார். காரணம், மாமா கல்லூரி வாசலை மிதித்தது பிரீடிகிரிக்கு. பத்தாவது முடித்த கையோடு கல்லூரியிலேயே இரண்டு வருஷம் படிக்கிற அந்தப் படிப்பைக் கேரளம் மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றி, 2000-ஆம் ஆண்டு வாக்கில் கல்லூரிகளிலிருந்து அடியோடு எடுத்துவிட்டது. மாமாவைக் கல்லூரி அதற்கு முன்பே எடுத்துவிட்டது. இங்கிலீஷ் பேப்பர். ஆகவே உலகத்துப் படிப்பெல்லாம் அவருக்கு நாலு குரூப்புக்குள் அடக்கம். 2024 ஜூலையில் கேரளத்தில் நாலு வருஷ டிகிரி வந்த செய்தியும் அவர் காதுக்கு வந்திருக்கிறது. மூன்றாம் வருஷ முடிவில் பட்டத்தோடு வெளியே வரலாம், நாலாவது வருஷமும் இருந்தால் ஆனர்ஸ் என்பதுதான் ஏற்பாடு. மாமா அதை இப்படி விளக்குவார்: "மூணு வருஷத்துல முடிக்காதவனுக்கு நாலாவது வருஷத்தைக் கவுர்மென்ட்டே குடுத்துருச்சு சாமி. எங்க காலத்துல இது இருந்திருந்தா நான் இந்நேரம் கலெக்டர்."

சும்மா ஓர் ஊரில் இருக்கிற மாமாவால் ஒரு மாநிலத்து விதிகளைத்தான் தப்பாகச் சொல்ல முடியும். எல்லை மாமாவுக்கு இரண்டு மாநிலம். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங்குக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கை 200-க்குக் குறுக்கிக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கேரளத்தில் 'கீம்' என்ற நுழைவுத் தேர்வு உண்டு, ரேங்க் உண்டு. இந்த இரண்டையும் மாமா ஒரே குண்டாவில் போட்டுக் கிளறி, "இங்க எண்ட்ரன்ஸ் எழுதுன ரேங்கை எடுத்துட்டுப் போயி கோயமுத்தூர்ல காட்டுனா சீட்டைக் கையில குடுத்தனுப்புவாங்க" என்பார். பொண்ணு வீடானால் இன்னும் உற்சாகம். "அந்தப் பக்கம் சேர்த்துனீங்கன்னா புள்ளைக்கு மாசம் ஆயிரம் ரூபா கவுர்மென்ட்டு குடுக்குது. டவுன் பஸ்ஸு சும்மா." 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தைச் சொல்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காகத் தொடங்கியது அது. கொழிஞ்சாம்பாறையில் படித்த பொண்ணுக்கு அதில் ஒரு ரூபாயும் வராது. இது மாமாவுக்குத் தெரியாது. பொண்ணின் அம்மாவுக்கும் தெரியாது. அவர் அந்த ஆயிரத்தை நம்பி அன்றைக்கே ஓர் ஏலச்சீட்டில் சேர்ந்துவிடுவார்.

ஆனால் லீவு விஷயத்தில் மாமாவை மிஞ்ச ஆளில்லை. கேரளத்தில் பொங்கலுக்கு பாலக்காடு, இடுக்கி உட்பட ஆறு எல்லை மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு. கோவை மாவட்டத்தில் ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும் என்பதைமட்டும் அவர் சொல்ல மாட்டார். "பொள்ளாச்சி மகாலிங்கம் காலேஜ்ல போட்டா ரெண்டு ஓணம் கெடைக்கும் கண்ணு. ஊர்ல ஒண்ணு, காலேஜ்ல ஒண்ணு." இந்தக் கணக்கை நம்பிச் சேர்ந்த பையன்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அதைவிட மோசமான காரணங்களும் உண்டு.

பாலக்காடு விக்டோரியா கல்லூரியின் பெயரை எடுத்தால் மாமா எழுந்து நின்றுவிடுவார். 1866-இல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்த இடம் அது. டி.என். சேஷனும் 'மெட்ரோ' ஸ்ரீதரனும் ஒரே பள்ளியிலும் பிறகு விக்டோரியாவிலும் சேர்ந்து படித்தவர்கள். இருவருக்குமே காக்கிநாடா இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஸ்ரீதரன் போனார். சேஷன் போகாமல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். ஒருவர் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் போட்டார், இன்னொருவர் 1990 முதல் ஆறு வருஷம் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து அரசியல்வாதிகளின் தூக்கத்தைக் கெடுத்தார். ஆலோசனை சொல்கிறவனுக்கு இப்படி ஒரு கதை கிடைத்தால் ஆயுசுக்கும் போதும். இன்ஜினியரிங் ஆசை உள்ள அப்பாவிடம் மாமா ஸ்ரீதரனைச் சொல்வார். பி.ஏ.வோ பி.எஸ்ஸி.யோ போதும் என்கிற வீட்டில் சேஷனைச் சொல்வார். இரண்டு அப்பாக்களும் ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தால்தான் சங்கடம். அப்போது மாமா பாயசத்தைப் பற்றிப் பேசுவார்.

இடுக்கி மாமா குணத்தில் இவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. பேச்சில் தேனி வாடை. "எதுக்குப்பா இங்கன கெடக்க? கீழ எறங்கிரு" என்பது அவர் மந்திரம். கீழே என்றால் போடிமெட்டு வளைவுகளுக்கு அப்பால். போடியில் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் சங்கம் நடத்துகிற கல்லூரி இருக்கிறது. "ஏலக்கா மலையில பொறந்துட்டு ஏலக்காக்காரங்க காலேஜுக்குப் போகலைன்னா எப்புடி?" உத்தமபாளையத்தில் 1956-இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும் அவர் பட்டியலில் உண்டு. அங்கே சேரப் போகிற பையனுக்கு அவர் சொல்லும் முதல் புத்தி: ரெண்டு சொட்டர், ஒரு கம்பளி, காதுக்கு மப்ளர். அவர் உள்ளே போய்ப் பார்த்த ஒரே கல்லூரி மூணாறு அரசுக் கல்லூரி. ஆகவே கல்லூரி என்றாலே குளிரும் என்று முடிவுகட்டியிருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் கம்பளி மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கிய பையன்களுக்குத்தான் அவர் அருமை தெரியும்.

அந்த மூணாறு கல்லூரியைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். 1995-இல் வந்த கல்லூரி. 2018 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து கட்டடம் போயிற்று. "கட்டடந்தேன் எறங்குச்சு. காலேஜு எறங்கல" என்பார். மாமா சொன்னதில் நான் அப்படியே ஏற்றுக்கொள்கிற வாசகம் இது.

சாதிச் சான்றிதழ் என்று பேச்சு வந்தால் அவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பங்கள், 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்தோம் என்று காட்டினால்தான் கேரளத்தில் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். லயத்தில் பிறந்து லயத்தில் செத்த தாத்தாவுக்கு ஏது பத்திரம்? எஸ்டேட்டின் பழைய பதிவேட்டில் பெயர் தேட வேண்டும். தேவிகுளம் எம்.எல்.ஏ.வாக ராஜா ஜெயித்த தேர்தலையே இந்தக் கேள்வியில் 2023-இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. "எம்எல்ஏவுக்கே டெல்லிவரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. நீ வில்லேஜ் ஆபீசுக்கு நாலு நடை நடந்தா தேஞ்சா போயிருவ?" என்று பையனை விரட்டுவார்.

நடத்தை பற்றிய போதனைகள் தனி. கேரளத்துத் தனியார் பஸ்ஸில் மாணவர் டிக்கெட் ஒரு ரூபாயிலிருந்து தொடங்கும். 2022-இல் மற்றவர்களுக்கெல்லாம் கட்டணம் ஏறியபோதும் அந்த ஒரு ரூபாய் ஏறவில்லை. கண்டக்டருக்கு அதனால் மாணவர்களைக் கண்டாலே ஆகாது. "பஸ்ஸு கெளம்பி நகரும்போதுதான் ஏத்துவான். அதுவரைக்கும் தூணாட்டம் நில்லு. தகராறு பண்ணாத" என்பார் மாமா. கேரளக் கல்லூரியில் எஸ்.எஃப்.ஐ., கே.எஸ்.யூ. மாணவர் சங்கத்துக்காரர்கள் முதல் நாளே கைகுலுக்க வருவார்கள். "ரெண்டு பேர்கிட்டயும் மிட்டாய் வாங்கிக்க, யார்கிட்டயும் பேர் குடுக்காத." பாலக்காட்டில் 'பாண்டி' என்பார்கள், பொள்ளாச்சியில் 'மலையாளத்தான்' என்பார்கள். எந்தக் கூட்டாளி வீட்டுச் சாப்பாடு நன்றாக இருக்கிறதோ அந்த ஆளாக இருந்துகொள் என்பது மாமாவின் தீர்வு. இதைவிட நல்ல தீர்வை நான் இதுவரை கேள்விப்படவில்லை.

ராகிங்கில்தான் அவரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. "சீனியருக்கு ஒரு சலாம் போட்டுட்டாத் தீந்துச்சு" என்பது பிரீடிகிரி காலத்துப் புத்தி. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொலையானதைப் பார்த்தபின் தமிழ்நாடு 1997-இல் சட்டம் போட்டது, கேரளம் 1998-இல் போட்டது. சலாம் வேண்டாம் தம்பி, 1800-180-5522 என்ற ராகிங் புகார் எண்ணைப் போனில் போட்டுவைத்துக்கொள்.

மாமாவுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில், சோகநாசினி ஆற்றங்கரையில், தமிழ் பி.ஏ.வும் எம்.ஏ.வும் படிக்கலாம். "தமிழ் படிச்சு என்ன பண்ணப் போற, பட்டிமன்றமா?" என்று அவர் சிரிப்பார். கேரள பி.எஸ்.சி. தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் வேலைக்கும், தமிழும் மலையாளமும் தெரிந்த கிளார்க் வேலைக்கும் தனியாக ஆள் எடுக்கிறது. மாமாவின் கடைக்கு எதிரே உள்ள ஆபீசிலேயே அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். மாமா அவரிடமும் அட்மிஷன் பற்றிப் பேசியிருப்பார், கேட்டிருக்க மாட்டார்.

இவ்வளவு தப்பாகச் சொல்கிற மனிதரை ஊர் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது? அந்த பிளாஸ்டிக் ஃபைலுக்காக. அட்சயா சென்டர் எத்தனை மணிக்குத் திறக்கும், வில்லேஜ் ஆபீசர் என்றைக்கு இருக்க மாட்டார், வருமானச் சான்றில் அப்பா பெயரும் ஆதாரில் அப்பா பெயரும் ஓர் எழுத்து மாறினால் யாரைப் பார்ப்பது, இ-கிராண்ட்ஸ் உதவித்தொகைக்குப் பிள்ளை பெயரில் பேங்க் கணக்கு எங்கே சீக்கிரம் திறப்பார்கள்: இதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். டி.சி.யைக் கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துவை என்று சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. தன் நகலில் தானே கையெழுத்துப் போட்டால் போதும் என்பதைமட்டும் அவர் நம்ப மறுக்கிறார். ஒரு கெசட்டட் ஆபீசரின் பச்சை மை விழுந்தால்தான் அவருக்கு அது காகிதம்.

ஃபைலோடு நிறுத்திக்கொண்டால் அவர் தெய்வம். அலாட்மென்ட்டில் கைவைப்பதுதான் வினை. காலிக்கட் பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளரத்தில் இருபது விருப்பம்வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். மூன்றாவதாகப் போட்ட கல்லூரி கிடைத்து, அதுவே பிடித்துவிட்டால், மேலே இருக்கிற இரண்டு விருப்பத்தையும் நாமே ரத்து செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்த சுற்றில் அவற்றில் ஒன்று கிடைத்து, கையில் இருக்கிற இடம் தானாகப் போய்விடும். மாமாவுக்கு ரத்து என்ற சொல்லே ஆகாது. "கெடந்துட்டுப் போகுது, இருந்தா நல்லதுதானே" என்று விட்டுவிடுவார்.

அப்படித்தான் ஒரு பையனுக்கு முதல் சுற்றில் பக்கத்துக் கல்லூரி கிடைக்கும். அப்பாவுக்கு வயலில் தண்ணீர் முறை, ஆகவே பெற்றோர் கூட்டத்துக்கு மாமா போவார். முன் வரிசையில் உட்காருவார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று பிரின்சிபால் சொன்னதும் எழுந்து, கேன்டீன், பஸ் ஸ்டாப், ஓண லீவு என்று வரிசையாகக் கேட்பார். இவ்வளவு அக்கறையுள்ள பெற்றோரா என்று அசந்துபோய் அவரை பி.டி.ஏ. கமிட்டியில் போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் இரண்டாம் அலாட்மென்ட் வரும். ரத்து செய்யாத விருப்பம் ஒன்று பலித்து, பையன் கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பெட்டி கட்டுவான். மாமா கமிட்டியை விடவில்லை. போன கூட்டத்தில்கூட, சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை போடும் விஷயமாக அரை மணி நேரம் பேசியிருக்கிறார்.