மருமவனுக்கு ஒரு கிடைக்கணக்கு

ஏ மருமவனே, வெயில் தாங்கலைன்னு நிலாவுக்கே குடிபோகப் போறியாமே? போ ராசா. அருப்புக்கோட்டைச் சித்திரையில வளந்த ஒடம்பு, நல்லாத் தாங்கும். 2023 ஆகஸ்டு 23ல சந்திரயான்-3 எறங்குச்சுல்ல, விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேல் முன்ன நின்னு நடத்துன வேலை, அது நிலா மண்ணுல ஊசி குத்திப் பாத்துச்சு. மேல்மண்ணு 50 டிகிரிக்கு மேல. எட்டு சென்டிமீட்டர் கீழ மைனஸ் 10. தலைமாட்டுல அடுப்பு, கால்மாட்டுல ஐஸ்பெட்டி. பாயை எப்படி விரிக்கப் போற?

அங்க ஏன் காத்தே இல்லைன்னு கேட்டா, 'ஈர்ப்பு கம்மி மாமா'ம்பே. பரீச்சைக்கு அது போதும். சனியோட பெரிய நிலா டைட்டனுக்கு என்ன பதில் சொல்லுவ? நம்ம நிலாவ விட்டுத் தப்பிச்சு ஓட நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் வேணும். டைட்டன்ல 2.6. பெரிய வித்தியாசமா? ஆனா அங்க தரையில காத்தழுத்தம் பூமியில இருக்கிறதப்போல ஒன்றரை மடங்கு. பெரும்பாலும் நைட்ரஜன்.

நீ டிகிரி வாங்கினவன். நான் கிடை போட்டவன். என் கணக்கைக் கேளு. ரெண்டு பட்டிக்கும் ஒரே ஒசரப் படலை வையி. செம்மறிக் கெடா படலைப் பாத்ததும் படுத்துக்கிரும். வெள்ளாட்டுக் குட்டி கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் நிக்கும். ஹைட்ரஜன் குட்டி, நைட்ரஜன் கெடா. சூடு ஏறுனா கெடாவுக்கும் துள்ளல் வந்துரும், குளிருனா ஒடுங்கிரும். டைட்டன் தரையில மைனஸ் 179 டிகிரி. அங்க நைட்ரஜன் மூலக்கூறு சராசரியா நொடிக்கு 300 மீட்டர்கூட ஓடாது. தப்பிக்க அதைப்போல ஒன்பது மடங்கு வேகம் வேணும். தப்பிக்கிற எடம் மேல் விளிம்புதான், அங்கயும் கடுங்குளிரு. நம்ம நிலாவுல உச்சிப்பொழுதுக்கு 120 டிகிரி வரைக்கும் காயும். அதே நைட்ரஜன் அங்க 600 மீட்டர் கிட்ட ஓடும். படலோட ஒசரம் நாலு மடங்குதான்.

நாலு மடங்கு போதாதாக்கும்னு கேக்காத. சராசரியை நம்பிக் கிடை போட்டவன் எவனும் உருப்பட்டதில்லை. மந்தையில நாலு துடுக்கு இருக்கும், அது தாண்டும். மிச்சத்துல புதுசா நாலு துடுக்குக் கெளம்பும். இப்படியே போனாப் பட்டி காலி. ஜேம்ஸ் ஜீன்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர் இதைத்தான் கணக்காப் போட்டு வச்சாரு. ஆறு மடங்காவது இருந்தாத்தான் காத்து கோடிக்கணக்கான வருசம் நிக்குமாம். சூரியன்லருந்து வீசுற துகளும் தன் பங்குக்கு விரட்டும்கிறது தனி வழக்கு.

அப்பக் குளிரக் குளிர நல்லதுதானேங்கிறியா? அதான் படிச்ச புத்தி. நெப்டியூனோட நிலா டிரைட்டன்ல மைனஸ் 235 டிகிரி. நைட்ரஜன் மைனஸ் 210லயே கட்டியாயிரும். 1989ல வாயேஜர்-2 போய்ப் பாத்தப்ப தரையில நைட்ரஜன் பனி கெடந்துச்சு. காத்துன்னு மிஞ்சுனது நம்ம காத்துல லட்சத்துல ஒரு பங்கு தேறும். ஆடு தாண்டல, வெறச்சுப் படுத்துருச்சு. அவ்வளவுதான்.

வியாழனோட கேனிமீடு டைட்டனை விடப் பெருசு. அங்கயும் குளிருதான். ஆனா சொல்லிக்கிற மாதிரி காத்தில்லை. அது பொறந்த எடத்துல சூடு கூடுதல், நைட்ரஜனுக்கான சரக்கு ஆரம்பத்துலயே சேரலைன்னு ஆராய்ச்சிக்காரங்க பலரும் நெனைக்கிறாங்க. படல் இருக்கு, ஆட்டை ஓட்டியாரத்தான் ஆளில்லை.

எனக்கு வயித்தெரிச்சல் வேற. டைட்டன்ல மழை பெய்யுதுடா! மீத்தேன் மழை. 2005 ஜனவரி 14ல ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் எறங்கி, ஓடை அரிச்ச தடத்தையும் உருண்டைக் கல்லையும் படம் புடிச்சு அனுப்புச்சு. இங்க திருச்சுழிக் குண்டாத்துல ஐப்பசி பொறந்தும் மணலு பறக்குது. மைனஸ் 179ல ஒருத்தனுக்கு ஓடை ஓடுது. யாருகிட்டப் போய் மனுக் குடுக்க?

டைட்டனைச் சூடு பண்ணிக் குடியேறிரலாம்னு அடுத்து ஆரம்பிப்ப, தெரியும். 25 டிகிரிக்கு ஏத்துனா ஒன்பது மடங்கு அஞ்சா எறங்கிரும். கெடா துள்ள ஆரம்பிச்சிரும். ஆனா ஒண்ணு, கிடை காலியாக யுகக்கணக்குல ஆகும். அதுக்குள்ள பிளாட்டுப் போட்டு வித்துட்டுக் கெளம்பிரலாம்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் எவனாச்சும் ஒன் காதுல ஓதியிருப்பான். உள்ளதைச் சொல்லு, அச்சாரம் எம்புட்டுக் குடுத்த?