நட்சத்திரம் பிறக்கும் இடத்தில் தூசுக்கு என்ன வேலை?

கே: தெஹிவளைக் கடற்கரையில் நின்று, நட்சத்திரம் பிறக்கும் இடம் ஒன்றைப் பார்க்க முடியுமா?

ப: தாராளமாக. பங்குனிக் கடைசியில், இரவு எட்டு மணிபோல் மேற்கே பாருங்கள். ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்கு இடப்புறம் மங்கலாக ஒரு புகைப்பொட்டு. அதுதான் ஒரியன் நெபுலா, நட்சத்திரம் பிறக்கும் வாயு, தூசு முகில். தூரம் சுமார் 1,300 ஒளியாண்டு. உங்கள் கண்ணில் படும் ஒளி அங்கிருந்து புறப்பட்டது பல்லவர் காலத்தில்! தெரு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

கே: அந்த முகில்களில் தூசு நூற்றில் ஒரு பங்குதானாமே. அதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?

ப: மீதி 99 பங்கையும் ஆட்டிவைப்பதில் அதற்குப் பெரிய கை உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஐதரசன் வாயு பெரும்பாலும் கண்டுகொள்ளாது. தூசு விழுங்கும், சூடாகும், செங்கீழ்க் கதிராக வெளியே விடும். ஒளி தூசைத் தள்ள, தூசு வாயுவையும் இழுத்துக்கொண்டு போகும்.

கே: இதைக் கணக்கிட சூப்பர் கணினி எதற்கு?

ப: ஓரிடத்து ஒளியைச் சொல்லவே ஏழு எண் வேண்டும்: இடத்துக்கு மூன்று, திசைக்கு இரண்டு, மீடிறன் ஒன்று, நேரம் ஒன்று. மொண்டே கார்லோ முறையில் ஒளியைச் சிறு பொதிகளாக்கி அனுப்புவார்கள். எங்கே விழுங்கப்படும், எப்பக்கம் சிதறும் என்பதை எழுமாற்று எண்கள் தீர்மானிக்கும். அதற்குள் வாயு நகர்ந்துவிடும், ஒளியின் பாதையும் மாறிவிடும். பிறகென்ன, திரும்ப முதலிலிருந்து.

கே: ஒளி வாயுவைத் தள்ளிவிடுமென்றால் ராட்சத நட்சத்திரங்கள் எப்படிப் பிறக்கின்றன?

ப: அருமையான கேள்வி. பல்லாண்டுகள் வானியலாளரைத் திணறடித்ததும் இதுதான். முகிலை ஒழுங்கான உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். 2009இல் வானியலாளர் மார்க் க்ரம்ஹோல்ஸின் குழு அதே கணக்கை முப்பரிமாணத்தில் நடத்திப் பார்த்தது. சோற்றுப் பானை மூடியை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆவி போவதைப்போல, ஒளி மேலும் கீழும் குமிழி ஊதி வெளியேறியது. வாயுவோ நட்சத்திரத்தைச் சுற்றிய தட்டு வழியாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. 100 சூரிய நிறையுள்ள முகிலில், சூரியனைப்போல் 40 மடங்குக்கு மேற்பட்ட நிறையுள்ள நட்சத்திரம் ஒன்றும் துணையாக இன்னொன்றும் உருவாகின. குமிழிகளைப் பற்றிய வாதம் அதன் பிறகும் ஓயவில்லை. நல்ல விஞ்ஞானத்துக்கு அதுதான் அடையாளம்.

கே: இதில் தமிழர் பங்கு?

ப: அடித்தளமே நம்மவர் போட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், கதிர்வீச்சு ஊடகத்தில் பயணிக்கும் கணிதத்தை 1950இல் முழு நூலாகவே எழுதினார். இன்றும் அதைப் புரட்டாமல் இத்துறைக்குள் நுழைவது கடினம். 1983இல் நோபல் பரிசு.

கே: உயர்தரம் படிக்கிறேன். நான் எங்கே தொடங்கலாம்?

ப: இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் விட்டுவிடாதீர்கள், பைதன் பழகுங்கள். ராட்எம்சி-3டி என்ற மென்பொருள் இலவசம். தூசு முகிலைச் சிறிய அளவில் மடிகணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். காலி வீதியால் தெற்கே போனால் கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் இருக்கிறது. ஜப்பான் அன்பளிப்பான 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி அங்கேதான். பொதுமக்களுக்கான இரவு எப்போது என்று விசாரித்து, அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.